தியானம்: எங்கே முயல்வது, எங்கே விடுவது?

மதுரைப் பக்கம் மல்லிகை கட்டுவதைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். நாரைக் கொஞ்சம் அதிகமாக இறுக்கினால் காம்பு அறுந்து மொட்டு மடியில் விழும். தளர விட்டால் தலையில் வைப்பதற்குள் சரம் உதிர்ந்துவிடும். தியானத்திலும் முதல் ஆறு மாதம் நான் இறுக்கித்தான் உட்கார்ந்தேன். எழும்போது நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று வலிக்கும். அம்மா பூக்கட்டும் விரல்களைக் கவனித்த பிறகுதான் பிடிபட்டது.

முதலில் இடம். அமைதி தேடி மலையேற வேண்டாம். 1896-ல் 16 வயது வேங்கடராமனுக்கு, பின்னாளில் ரமண மகரிஷிக்கு, தான் சாவதாகவே உணர்ந்த அந்த மரண அனுபவம் வந்தது மீனாட்சியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில், சொக்கப்ப நாயக்கன் தெரு வீட்டு மாடியில்தான்.

போர்வையை நாலாக மடித்துப் போட்டு, அதன் மேல் சம்மணமிட்டு உட்காருங்கள். முழங்கால் இடுப்பைவிடத் தாழ இருந்தால் முதுகு தானாக நிமிரும். முடியாதவர்களுக்கு நாற்காலி போதும். பத்து நிமிடத்துக்கு அலாரம் வைத்துவிட்டு மொபைலைத் தள்ளி வையுங்கள்.

அடுத்து, மூச்சு வெளியே போகும்போது மட்டும் எண்ணுங்கள். 1 முதல் 10 வரை, பிறகு மறுபடி 1. மூச்சை நீட்டவோ அடக்கவோ வேண்டாம்.

நாலு எண்ணுவதற்குள் மனம் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் வரை போய்விடும். போகட்டும். போனது தெரிந்ததும், திட்டாமல், 1-க்கு வாருங்கள். முயற்சி வேண்டியது இந்த ஒரு இடத்தில்தான். வந்த பிறகு விட்டுவிட வேண்டும். மறுபடி ஓடிவிடுமோ என்று காவல் நின்றால் பல்லைக் கடிக்க ஆரம்பித்துவிடுவோம். பதஞ்சலி யோக சூத்திரத்தில் அப்யாசத்தையும், அதாவது விடாமல் பழகுவதையும், வைராக்கியத்தையும் சேர்த்தே சொல்கிறார். நம் பேச்சில் வைராக்கியம் என்றால் விடாப்பிடி. அவர் சொல்வது பற்றை விடுவதை. இந்தக் குழப்பத்தால் வீணாக மல்லுக்கட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

நடுவில் ஒருமுறை உடம்பைப் பாருங்கள். புருவம் சுருங்கி, தோள் ஏறியிருந்தால் இறுக்கம். எண்ணுவதை நிறுத்தி, தெருச் சத்தத்தைச் சும்மா கேட்டுக்கொண்டு, ஐந்தாறு மூச்சு விடுங்கள். தலை தொங்கி, எண்ணிக்கை கனவு மாதிரி கலங்கினால் தளர்ச்சி. கண்ணைப் பாதி திறந்து முதுகை நிமிர்த்துங்கள்.

இப்படி ஒரு வாரம். அப்புறம் கடைசி இரண்டு நிமிடம் எண்ணாமல் உட்கார்ந்து பாருங்கள்.