கன்ட்ரோல் வெல்லிலேயே டிஎன்எஃப் ஏறுகிறதா? டிஎல்ஆர் சோதனைக்கு ஒரு செய்முறை

பெங்களூருக்கு ஆறு மாத புராஜெக்டுக்கு வந்து, மேக்ரோஃபேஜில் (கிருமியை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்) டிஎல்ஆர் (கிருமியின் அடையாளப் பொருளைக் கண்டுகொள்ளும் ஏற்பி) வேலை என்று கையில் கொடுக்கப்பட்டவர்களுக்காக இதை எழுதுகிறோம். எல்லோரும் முதலில் கேட்பது ‘எந்த லிகண்ட் (ஏற்பியைத் தூண்டும் பொருள்), எவ்வளவு?’ என்றுதான். அது சுலபமான பகுதி. லிகண்ட் போடாத கன்ட்ரோல் வெல்லிலேயே அழற்சிப் புரதமான டிஎன்எஃப் ஏறினால், நீங்கள் போடாத எல்பிஎஸ் என்ற பாக்டீரியாப் பொருள் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை.

காரணம் ஏற்பியின் இயல்பிலேயே இருக்கிறது. கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் இருப்பது எல்பிஎஸ். அது சீரத்தில் உள்ள எல்பிபி புரதத்தில் ஏறி, சிடி14 என்ற செல் புரதம் வழியாக, டிஎல்ஆர்-4 ஏற்பியும் எம்டி-2 புரதமும் சேர்ந்த ஜோடியிடம் வந்து சேரும். முதல்நிலை மோனோசைட்டுகளுக்கு (ரத்தத்திலிருந்து நேராக எடுத்த, மேக்ரோஃபேஜாக மாறக்கூடிய செல்கள்) மி.லி.-க்கு 0.1 நானோகிராம் இருந்தாலே போதும், விழித்துக்கொள்ளும். ரத்தத்தில் நுழைந்த ஒருசில பாக்டீரியாவையும் தப்பவிடாத இந்த மோப்ப சக்திதான், உங்கள் பஃபரில் கிடக்கும் தூசியையும் ‘தொற்று’ என்று சொல்லிவிடுகிறது.

அனுபவசாலிகளே இதில் ஏமாந்திருக்கிறார்கள். 1998-இல் டிஎல்ஆர்-2 தான் எல்பிஎஸ்ஸின் ஏற்பி என்று கட்டுரைகள் வந்தன. அதே ஆண்டு புரூஸ் பாய்ட்லர் குழு, எல்பிஎஸ்ஸுக்கு அசையாத சி3ஹெச்/ஹெச்இஜே எலியில் பழுதாகியிருப்பது டிஎல்ஆர்-4 ஜீன் என்று காட்டியது. எல்பிஎஸ்ஸை மறுபடி சுத்தம் செய்து பார்த்தபோது டிஎல்ஆர்-2 பக்கம் வந்த சிக்னல் காணாமல் போனது. அதில் ஒட்டிக்கொண்டிருந்த லிப்போபுரதம் செய்த வேலை அது. ஆகவே வாங்கும்போது ‘அல்ட்ராபியூர்’ என்று போட்ட எல்பிஎஸ்ஸையே வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் சாதா சரக்கு ஒரே நேரத்தில் இரண்டு ஏற்பிகளைத் தட்டும்.

செல்லைத் தயார் செய்வது

டிஹெச்பி-1 மனித மோனோசைட் செல்லை வைத்துச் சொல்கிறோம். மீடியா ஆர்பிஎம்ஐ-1640, 10% எஃப்பிஎஸ் (மாட்டுக் கருவின் சீரம்), 0.05 மில்லிமோலார் பீட்டா மெர்காப்டோ எத்தனால். செல் அடர்த்தி மி.லி.-க்கு 2 லட்சத்துக்குக் குறையவும் வேண்டாம், 8 லட்சத்தைத் தாண்டவும் வேண்டாம். 10 லட்சத்தைத் தாண்டவிட்ட கல்ச்சர் பிறகு எல்பிஎஸ்ஸுக்கு மந்தமாகவே பதில் சொல்லும். எஃப்பிஎஸ் பாட்டிலின் சான்றிதழில் எண்டோடாக்ஸின் (அதாவது எல்பிஎஸ்) அளவைப் பாருங்கள். மி.லி.-க்கு 1 யூனிட்டுக்குக் கீழே இருந்தால் நிம்மதி. 1 யூனிட் என்பது ஏறக்குறைய 0.1 நானோகிராம் எல்பிஎஸ்.

பெங்களூருக்கே உரிய ஒரு சங்கதி: ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றழுத்தம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. இன்குபேட்டரில் 5% என்று வைத்தாலும் மீடியாவில் கரையும் கார்பன் டை ஆக்சைடு சென்னையில் கிடைப்பதைவிடக் குறையும். மீடியா லேசாக ஊதா பக்கம் சாயும். 5.5% வைத்துப் பாருங்கள். அதைவிட முக்கியமானது பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அடிக்கும் வறண்ட காற்று. 96 வெல் பிளேட்டின் ஓர வெல்கள் ஓரிரு நாளில் வற்றி, உள்ளே இருப்பதெல்லாம் அடர்ந்துவிடும். ஓரத்தில் உள்ள 36 வெல்லிலும் 200 மைக்ரோலிட்டர் ஸ்டெரைல் பிபிஎஸ் (உப்பு பஃபர்) ஊற்றிவிட்டு நடுவில் உள்ள 60-ஐ மட்டும் பயன்படுத்துங்கள்.

60 வெல்லுக்கு, வெல்லுக்கு 1 லட்சம் வீதம் 60 லட்சம் செல் வேண்டும். 70 லட்சம் எடுத்து 7 மி.லி. மீடியாவில் கலக்குங்கள். மோனோசைட்டை ஒட்டும் மேக்ரோஃபேஜாக மாற்றும் பிஎம்ஏ-வின் ஸ்டாக், டிஎம்எஸ்ஓ கரைப்பானில் மி.லி.-க்கு 1 மில்லிகிராம். அதை மீடியாவில் நூறு மடங்கு நீர்த்து, அதிலிருந்து 14 மைக்ரோலிட்டரை 7 மி.லி. செல்லில் விட்டால் மி.லி.-க்கு 20 நானோகிராம் வரும். பழைய செய்முறைகளில் 100 என்று இருக்கும். அவ்வளவு போட்டால் செல் நன்றாக ஒட்டும், ஆனால் பிஎம்ஏ மட்டுமே டிஎன்எஃப்-ஐயும் ஐஎல்-1 பீட்டா என்ற இன்னொரு அழற்சிப் புரதத்தையும் கிளப்பிவிடும். அப்புறம் லிகண்ட் போட்டதும் போடாததும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பிஎம்ஏ புற்றுநோயைத் தூண்டும் பொருள், கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

கால அட்டவணையை வெள்ளிக்கிழமை ராத்திரி மடிவாளாவில் ஊருக்குப் பஸ் ஏறுவதைக் கணக்கில் வைத்தே போடலாம். திங்கள் காலை 9 மணிக்கு பிஎம்ஏ-வோடு கலந்த செல், வெல்லுக்கு 100 மைக்ரோலிட்டர். புதன் காலை 9 மணிக்குப் பழைய மீடியாவை எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான புது மீடியாவால் ஒருமுறை மெதுவாகக் கழுவி, பிஎம்ஏ இல்லாத 100 மைக்ரோலிட்டரில் ஒருநாள் ஓய்வு. இந்த ஓய்வைச் சுருக்காதீர்கள். வியாழன் காலை 9 மணிக்கு லிகண்ட், மாலை 3 மணிக்கு டிஎன்எஃப்-க்கு சேம்பிள், வெள்ளி காலை ஐஎல்-6-க்கு சேம்பிள். டிஎன்எஃப் 4 முதல் 6 மணி நேரத்தில் நன்றாகக் கிடைக்கும்; ஐஎல்-6-க்கு 18 முதல் 24 மணி நேரம் வேண்டும்.

எந்தக் கதவை எதனால் தட்டுவது

லிகண்ட் எல்லாவற்றையும் இரட்டிப்பு அடர்த்தியில் தயாரித்து 100 மைக்ரோலிட்டர் சேருங்கள். கீழே உள்ளவை வெல்லில் மி.லி.-க்கு இறுதி அளவு.

டிஎல்ஆர்-4-க்கு எல்பிஎஸ் 0.1, 1, 10, 100 நானோகிராம் என்று நான்கு படி. ஒரே டோஸை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். 100-இல் ஏற்பி நிரம்பிவிடும், உங்கள் மருந்து வேலை செய்தாலும் தெரியாது. டிஎல்ஆர்-1, 2 ஜோடிக்கு பாம்3சிஎஸ்கே4 100 நானோகிராம். டிஎல்ஆர்-2, 6 ஜோடிக்கு எஃப்எஸ்எல்-1 100 நானோகிராம். டிஎல்ஆர்-5-க்கு ஃபிளாஜெலின் 100 நானோகிராம். டிஎல்ஆர்-8-க்கு ஆர்848 1 மைக்ரோகிராம். செல்லுக்குள் இருக்கும் நாட்-2 ஏற்பிக்கு (இது டிஎல்ஆர் அல்ல) எம்டிபி 10 மைக்ரோகிராம், கூடவே அதன் செயலற்ற டி-டி வடிவம் கன்ட்ரோலாக. எம்டிபி தனியாக அதிகம் அசைக்காது, எல்பிஎஸ்ஸோடு சேர்ந்தால்தான் அதன் பலம் தெரியும்.

டிஎல்ஆர்-9-ஐ டிஹெச்பி-1-இல் தேடாதீர்கள், அதன் லிகண்டான சிபிஜி டிஎன்ஏ போட்டு ஒன்றும் வரவில்லை என்று ரீஏஜெண்டைத் திட்டுவதில் பயனில்லை. எலிக்கான சிபிஜி 1826 வேறு, மனிதனுக்கான 2006 வேறு. ஃப்ரீசரில் இரண்டும் ஒரே பெட்டியில் கிடந்து மாறிப்போவதும் உண்டு. டிஎல்ஆர்-3-ம் இந்தச் செல்லில் குறைச்சல்தான். அதன் லிகண்டான பாலி ஐ:சி-யை (வைரஸைப் போன்ற செயற்கை ஆர்என்ஏ) நேராக மீடியாவில் விட்டால் அது செல்லின் உள்பையான எண்டோசோமில் உள்ள டிஎல்ஆர்-3-க்குப் போகும்; செல்லுக்குள் கொண்டுபோகும் லிப்போஃபெக்டமின் மாதிரி ஒன்றோடு உள்ளே செலுத்தினால் சைட்டோபிளாசத்தில் உள்ள ரிக்-ஐ, எம்டிஏ5 என்ற வேறு ஏற்பிகள் இரண்டும் பிடித்துக்கொள்ளும். இரண்டும் வெவ்வேறு சோதனை. வைரஸ் பக்கத்து ஏற்பிகளுக்கு டிஎன்எஃப்-ஐ அளந்து ஏமாறாமல் இன்டர்ஃபெரான் பீட்டா அல்லது ஐபி-10 புரதத்தை அளப்பதே சரி.

எல்பிஎஸ் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும், தண்ணீரில் திரண்டும் நிற்கும். ஸ்டாக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் ஒரு நிமிடம் நன்றாக வோர்டெக்ஸ் செய்யுங்கள், சோனிகேட்டர் பாத் இருந்தால் இன்னும் நல்லது. மிக நீர்த்த கரைசலைச் சேமித்து வைக்காதீர்கள்; மறுவாரம் எடுத்துப் போட்டால் பாதி ட்யூப் சுவரிலேயே தங்கியிருக்கும். சீரம் இல்லாத மீடியாவில் எல்பிஎஸ் பலவீனமாகத் தெரிந்தால் அது எல்பிபி இல்லாத குறை, எல்பிஎஸ்ஸின் குறை அல்ல.

போடாத எல்பிஎஸ்ஸைப் பிடிப்பது

ஆட்டோகிளேவ் செய்துவிட்டோமே என்று சொல்பவர்கள் அதிகம். 121 டிகிரி ஆட்டோகிளேவ் பாக்டீரியாவைக் கொல்லும். அதன் எல்பிஎஸ் அப்படியே இருக்கும். கண்ணாடிச் சாமானை உலர் அவனில் 250 டிகிரியில் 30 நிமிடம் வைத்தால்தான் அழியும். பிளாஸ்டிக்கில் அது முடியாது என்பதால் பைரோஜன் (எல்பிஎஸ் போன்ற காய்ச்சல் தூண்டி) இல்லை என்று சான்று உள்ள டிப், ட்யூப் மட்டுமே. லேபில் மில்லிக்யூ (மிகச் சுத்தமாக்கிய) தண்ணீர் பிடிக்கும் அந்த நீளமான ரப்பர் குழாய் இருக்கிறதே, பாக்டீரியா படலம் குடியிருக்கும் இடம் அதுதான். பஃபர் கலக்க, ஊசி மருந்துக்கென்று விற்கும் ஸ்டெரைல் தண்ணீரை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஈ கோலையில் தயாரித்த புரதம் உங்களிடம் இருந்து, அது ‘டிஎல்ஆர்-4-ஐத் தூண்டுகிறது’ என்று வந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் மூன்று சோதனை செய்யுங்கள்.

முதலாவது, எல்பிஎஸ்ஸைப் பிடித்து முடக்கும் பாலிமிக்ஸின் பி. மி.லி.-க்கு 10 மைக்ரோகிராம் பாலிமிக்ஸினோடு புரதத்தை 30 நிமிடம் வைத்துவிட்டுச் செல்லில் போடுங்கள். டிஎன்எஃப் படுத்துவிட்டால் பேசியது எல்பிஎஸ். பக்கத்திலேயே எல்பிஎஸ் + பாலிமிக்ஸின், பாம்3சிஎஸ்கே4 + பாலிமிக்ஸின் இரண்டும் இருக்க வேண்டும். முன்னது படுக்கவும், பின்னது படுக்காமல் இருக்கவும் வேண்டும். பின்னதும் படுத்தால் பாலிமிக்ஸின் செல்லைக் கொல்கிறது என்று அர்த்தம். எல்பிஎஸ் 100 நானோகிராம் போன்ற பெரிய டோஸில் பாலிமிக்ஸின் முழுதாக அடக்காது, ஆகவே 1 நானோகிராமில் ஒப்பிடுங்கள்.

இரண்டாவது, சூடு. புரதத்தை ஹீட் பிளாக்கில் 100 டிகிரியில் 30 நிமிடம் வையுங்கள். கொதிநீரில் வைத்தால் பெங்களூரில் 97 டிகிரியைத் தாண்டாது. புரதம் குலைந்துவிடும், எல்பிஎஸ் தாங்கும். சூடாக்கிய பிறகும் சிக்னல் குறையவில்லை என்றால் சந்தேகம் உறுதி. ஃபிளாஜெலினுக்கு மட்டும் இதை நம்ப வேண்டாம், அது சூட்டைத் தாங்கும் புரதம். அங்கே புரதத்தைச் செரிக்கும் புரோட்டினேஸ் கே நொதிதான்.

மூன்றாவது எல்ஏஎல் சோதனை. லாட நண்டின் ரத்த அணுவில் உள்ள ஃபேக்டர் சி, எல்பிஎஸ் பட்டவுடன் உறைய வைக்கும். ஒரு பிறவி ஏற்பியின் வேலையை அளக்க இன்னொரு உயிரின் பிறவி ஏற்பியைக் கடன் வாங்குகிறோம், அவ்வளவுதான். பூஞ்சையின் பீட்டா குளுக்கன் இருந்தாலும் எல்ஏஎல் தவறாக ‘உண்டு’ என்று காட்டும். செல்லுலோஸ் ஃபில்டரில் வடித்த சேம்பிளில் இது சகஜம். ரீகாம்பினன்ட் ஃபேக்டர் சி கிட்டில் அந்தத் தொல்லை இல்லை.

எல்பிஎஸ் இல்லை என்று தெரிந்தும் கன்ட்ரோல் அடங்கவில்லையா? மைக்கோபிளாஸ்மா என்ற மிகச்சிறிய பாக்டீரியாவைப் பாருங்கள். எஃப்எஸ்எல்-1 என்ற லிகண்டே மைக்கோபிளாஸ்மாவின் லிப்போபெப்டைடைப் பார்த்துச் செய்ததுதான். கல்ச்சரில் அந்தக் கிருமி இருந்தால் டிஎல்ஆர்-2, 6 எப்போதும் விழித்தே இருக்கும். மைக்ராஸ்கோப்பில் தெரியாது, மீடியாவும் கலங்காது. மாதம் ஒரு பிசிஆர்.

இதற்கு நேர்மாறான பழுதும் உண்டு. மீடியாவில் துளி எல்பிஎஸ் நாள்கணக்கில் இருந்தால் செல் பழகிப்போய், நீங்கள் வியாழன் காலை போடும் டோஸுக்கு அசையாது. கன்ட்ரோலும் சோதனையும் இரண்டும் தாழ்ந்திருந்தால் முதலில் சீரத்தை மாற்றிப் பாருங்கள்.

ஐஎல்-1 பீட்டா வேண்டுமென்றால்

இதற்கு இரண்டு தட்டு வேண்டும். எல்பிஎஸ் 100 நானோகிராம் 3 மணி நேரம்: அது புரோ ஐஎல்-1 பீட்டாவை (வெட்டப்படாத முன்வடிவம்) செய்து வைக்கும். பிறகு நைஜெரிசின் 10 மைக்ரோமோலார் 1 மணி நேரம்: பொட்டாசியம் வெளியேறி என்எல்ஆர்பி3 இன்ஃப்ளமசோம் என்ற புரதக் கூட்டு உருவாகி, காஸ்பேஸ்-1 நொதி அந்த முன்வடிவத்தை வெட்டி வெளியே விடும். என்எல்ஆர்பி3-ஐத் தடுக்கும் எம்சிசி950 1 மைக்ரோமோலாரை நைஜெரிசினுக்கு 30 நிமிடம் முன்பே போட்ட வெல் ஒன்று கட்டாயம். நைஜெரிசினுக்குப் பதில் ஏடிபி 5 மில்லிமோலார் என்றால் அன்றன்று கரைத்து பிஹெச் 7.4-க்குக் கொண்டு வாருங்கள். அப்படியே போட்டால் ஏடிபி புளிப்பிலேயே செல் செத்து, நீங்கள் இன்ஃப்ளமசோம் என்று எழுதிவிடுவீர்கள். செல் சாவை, செத்த செல்லிலிருந்து கசியும் எல்டிஹெச் நொதி வழியாக அளப்பதானால் அந்த ஒரு மணி நேரத்துக்குச் சீரத்தைக் குறையுங்கள், சீரத்திலேயே எல்டிஹெச் இருக்கிறது.

எலிசா

செல் வெளியிட்ட டிஎன்எஃப், ஐஎல்-6 போன்றவற்றை ஆன்டிபாடியால் பிடித்து நிறத்தால் அளப்பது எலிசா. பிளேட்டை 300 ஜி-யில் 5 நிமிடம் சுற்றி, மேலிருந்து 150 மைக்ரோலிட்டர் மட்டும் எடுங்கள். அடியில் உள்ள செல்லை உறிஞ்சினால் வெட்டப்படாத புரோ ஐஎல்-1 பீட்டாவும் கலந்துவிடும். ஸ்டாண்டர்டு (அளவு தெரிந்த புரதம்) மி.லி.-க்கு 1000 பிகோகிராமில் தொடங்கி இரண்டிரண்டு மடங்காக 15.6 வரை 7 புள்ளி. எல்பிஎஸ் போட்ட சேம்பிளை 10 மடங்கு நீர்த்தும், போடாததை நீர்க்காமலும் வையுங்கள். கழுவும் பஃபரில் சோடியம் அசைடு இருந்தால் நிறத்தைக் கொண்டுவரும் ஹெச்ஆர்பி நொதி செத்துவிடும். பழைய பாட்டிலின் லேபிளைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். நிறம் மாறும் பொருளான டிஎம்பி இருட்டில் 15 முதல் 20 நிமிடம். டிசம்பர் காலையில் லேப் குளிர்ந்து கிடந்தால் நிறம் மெதுவாகத்தான் ஏறும், ஆகவே கடிகாரத்தைப் பார்க்காமல் மேல் ஸ்டாண்டர்டின் நீலத்தைப் பார்த்து 2 நார்மல் கந்தக அமிலத்தால் நிறுத்துங்கள். 450 நானோமீட்டரில் படித்து 570-ஐக் கழியுங்கள். ஸ்டாண்டர்டின் கோட்டை நேர்கோடாகப் போடாமல் நான்கு பாராமீட்டர் வளைவாகப் போடுங்கள்.

மூன்று வெல்லை மூன்று சோதனையாக எண்ணி எரர் பார் போடுவதும் நடக்கிறது. ஒரே நாளில் ஒரே ஃபிளாஸ்க்கிலிருந்து வந்த மூன்று வெல் ஒரே சோதனைதான். வேறு வேறு பாஸேஜில் (செல்லைப் புது ஃபிளாஸ்க்குக்கு மாற்றும் சுற்று), மூன்று வாரம் மூன்று முறை செய்தால்தான் மூன்று.