அனெக்ஸில் இருக்கிறவர்களுக்கு: உங்கள் ஃபயர்வோலை ஒருக்கால் பாருங்கள்

வெள்ளவத்தையில் நாங்கள் இருப்பது ஓர் அனெக்ஸ். மேலே வீட்டுக்கார அன்ரி, பக்கத்து அறையில் போர்டிங்கில் இருக்கும் இரண்டு கம்பஸ் பெடியன்கள், எல்லோருக்கும் ஒரே வைஃபை. போன மாதம் அவர்களில் ஒருவன் கதவைத் தட்டி, "அண்ணா, உங்கட பிரிண்டர் என்ர லப்டொப்பில காட்டுது, ஒரு அசைன்மென்ட் அடிக்கலாமா?" என்று கேட்டான். அடித்துக் கொடுத்தேன். அவன் போன பிறகுதான் உறைத்தது: பிரிண்டர் தெரிந்தால், கடவுச்சொல் இல்லாமல் நான் பகிர்ந்து வைத்திருந்த ஃபோல்டரும் தெரிந்திருக்கும். அதற்குள் அடையாள அட்டை ஸ்கேன், வங்கி ஸ்டேட்மென்ட் எல்லாம் கிடந்தன.

வைஃபை வழியாக யாரை உள்ளே விடுவது, யாரைத் தடுப்பது என்று கணினியின் வாசலில் நின்று பார்ப்பதுதான் ஃபயர்வோல். விண்டோஸ் 11-ஐ வைத்துச் சொல்கிறேன். செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், பிறகு வைஃபை, அதில் நீங்கள் இணைந்திருக்கும் வைஃபையின் ப்ராப்பர்டீஸ். அங்கே பப்ளிக், பிரைவேட் என்று இரண்டு இருக்கும். வீடுதானே என்று பிரைவேட்டை அமத்திவிடுவோம், நானும் அதைத்தான் செய்திருந்தேன். ஆனால் பிரைவேட் என்றால் இந்த வைஃபையில் இருக்கிற எல்லோரையும் நம்புகிறேன் என்று கணினிக்குச் சொல்வதாக அர்த்தம். உங்கள் வைஃபை கடவுச்சொல் இப்போது எத்தனை பேரிடம் இருக்கிறது? எண்ணிப் பார்த்துவிட்டு பப்ளிக்கைப் போடுங்கள். (பெடியன் இப்போது பிடிஎஃபை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான்.)

அடுத்து விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து ஃபயர்வோல் பகுதிக்குப் போங்கள். டொமைன் (அலுவலக வலையமைப்புக்கானது), பிரைவேட், பப்ளிக் மூன்றுமே ஓன் என்று இருக்க வேண்டும். அதன் கீழே ஃபயர்வோல் வழியாக அனுமதித்த செயலிகளின் பட்டியல் ஒன்று உண்டு, எப்போதோ விளையாடி அழித்த கேம், டொரண்ட் என்று குப்பை நிறைய இருக்கும், பப்ளிக் நிரலில் தேவையில்லாத சரிக்குறிகளை எடுத்துவிடுங்கள். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: விண்டோஸ் ஃபயர்வோல் வழக்கமாக உள்ளே வருவதைத்தான் தடுக்கும், வெளியே போவதை விட்டுவிடும். கிராக் செய்த மென்பொருளை நீங்களே உள்ளே கூட்டிவந்தால் ஃபயர்வோல் பாவம், என்ன செய்யும்.

இனி எனக்குப் பிடித்த இடம். ஸ்டார்ட்டில் ரிசோர்ஸ் மானிட்டர் என்று தேடித் திறந்து, நெட்வொர்க் பக்கத்தில் லிசனிங் போர்ட்ஸைப் பாருங்கள். எந்தச் செயலி எந்தப் போர்ட்டில் (இணைப்புகள் வந்துபோகும், எண்ணிட்ட கதவு) காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறது என்று அதில் தெரியும். 445 இருக்கும், பயப்பட வேண்டாம், கோப்புப் பகிர்வுக்கானது. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வான்னாக்ரை என்ற தீம்பொருள் பரவியதும் இந்தக் கதவால்தான், ஆகவே விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். 3389 தெரிந்தால் ரிமோட் டெஸ்க்டொப் (வேறு கணினியிலிருந்து இதை இயக்கும் வசதி) திறந்திருக்கிறது, நீங்கள் பாவிப்பதில்லை என்றால் மூடுங்கள். பெயர் தெரியாத செயலி ஏதும் நின்றால், அதே வரியில் ஃபயர்வோல் அதை அனுமதிக்கிறதா என்றும் எழுதியிருக்கும்.

ரவுட்டர் உங்கள் கையில் இருந்தால் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றி, டபிள்யூபிஎஸ் (பொத்தான் அல்லது பின் இலக்கத்தால் வைஃபையில் சேரும் வசதி), யூபிஎன்பி (செயலிகள் தாங்களாகவே ரவுட்டரில் போர்ட்டைத் திறக்கும் வசதி) இரண்டையும் நிறுத்துங்கள். அன்ரியின் கையில் இருந்தால் ஒரு தேத்தண்ணி நேரத்தில் பேசிப் பார்க்க வேண்டியதுதான்.

கடைசியாக டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரைக் கேட்டு அதன் ஐபி முகவரியை (இணையத்தில் அதற்குள்ள எண்) சொல்லும் சேவை. நீங்கள் போகும் தளங்களின் பெயர்களைக் கணினி வழக்கமாக மறைக்காமலே கேட்கும், இடையில் இருப்பவர் பார்க்கலாம். அதே ப்ராப்பர்டீஸ் பக்கத்தில் டிஎன்எஸ்ஸை மானுவல் ஆக்கி, ஐபிவி4-இல் 1.1.1.1 அல்லது 9.9.9.9 (இரண்டும் பொது டிஎன்எஸ் சேவைகள்) கொடுத்து, கீழே டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ்ஸை (அந்தக் கேள்விகளை மறைத்து அனுப்பும் முறை) ஓன் செய்யுங்கள். எந்த ஐபி முகவரிக்குப் போகிறீர்கள் என்பது அப்போதும் தெரியும், முழு மறைப்பு இல்லை. ஹோட்டல் வைஃபையில் லொகின் பக்கம் வராமல் அடம்பிடித்தால் அந்த நேரத்துக்கு மட்டும் திரும்ப ஓட்டோமெட்டிக் ஆக்குங்கள்.