ரோயிங் மெஷினில் 2:30 என்றால் என்ன? பேஸ் கணக்கிடும் முறை

துடுப்பு வலிப்பதுபோல் இழுத்து உடற்பயிற்சி செய்யும் ரோயிங் மெஷினில் முதல் முறை உட்கார்ந்தபோது, திரையில் தெரிந்த 2:45-ஐக் கடிகாரம் என்றே நினைத்தேன். கொஞ்சம் அழுத்தி இழுத்ததும் அது 2:31 ஆனது. நேரம் பின்னால் ஓடுகிறதே என்று குழம்பிவிட்டேன்.

அது கடிகாரம் இல்லை, பேஸ். இப்போது போகும் வேகத்திலேயே போனால் 500 மீட்டரைக் கடக்க எவ்வளவு நேரமாகும் என்று காட்டுகிறது. எண் குறைந்தால் வேகம் கூடியிருக்கிறது என்று பொருள். 500 எதற்கு என்றால், துடுப்புப் படகுப் போட்டிகளின் வழக்கமான தூரம் 2000 மீட்டர். அதில் 500 மீட்டருக்கு ஒருமுறை நேரம் குறிப்பார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். 20 நிமிடத்தில் 4000 மீட்டர் இழுத்தீர்கள் என்று வையுங்கள்.

1. நேரத்தை விநாடியாக்குங்கள்: 20 × 60 = 1200.
2. தூரத்தை 500-ஆல் வகுங்கள்: 4000 ÷ 500 = 8.
3. முதலாவதை இரண்டாவதால் வகுங்கள்: 1200 ÷ 8 = 150 விநாடி. அதாவது 2:30.

விநாடியாக்காமல் 20-ஐ 8-ஆல் வகுத்தால் கால்குலேட்டர் 2.5 என்று காட்டும். அதை 2:50 என்று எழுதிவிடாதீர்கள்! அரை நிமிடம் என்பது 30 விநாடி. என் நோட்டில் ஒரு வாரக் கணக்கு இப்படித்தான் பாழானது.

இலக்கு வைத்திருந்தால் இதையே திருப்பிப் போடலாம். 2000 மீட்டரை 9 நிமிடத்தில் முடிக்க வேண்டுமா? 540 ÷ 4 = 135. ஆக, 2:15-ஐ விடாமல் பிடிக்க வேண்டும்.

2:30-இலிருந்து 2:00-க்கு வர அரை நிமிடம்தானே என்று தோன்றும். ஆனால் வாட்ஸ், அதாவது நீங்கள் இழுக்கும் சக்தியின் அளவு, வேறு கதை சொல்லும். கான்செப்ட் 2 என்ற பிராண்ட் மெஷினில் அதன் கணக்கு இது: ஒரு மீட்டருக்கு ஆகும் விநாடியை மும்மடி பெருக்கி, 2.8-ஐ அதால் வகுக்க வேண்டும். 2:30-க்கு அது 0.3 விநாடி, 0.3 × 0.3 × 0.3 = 0.027; விடை சுமார் 104 வாட்ஸ். 2:00-க்கோ சுமார் 203. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உழைப்பு! அதனால் ஒரேயடியாகப் பாயாமல், இரண்டு மூன்று விநாடியாகக் குறைத்துப் பாருங்கள்.

பக்கவாட்டில் 1 முதல் 10 வரை இருக்கும் நெம்புகோலை 10-இல் வைத்தால் பேஸ் தானாகக் குறையாது. அது சக்கரக் கூட்டுக்குள் போகும் காற்றின் அளவை மாற்றுகிறது, அவ்வளவுதான். புதியவர்களுக்கு 3 முதல் 5 வரை போதும்.