ரேக் போட்டுத் திறந்தாச்சு, அடுத்த பூட்டுக்கு என்ன வழி?

சாவி இல்லாமல் எனக்கு முதல் பூட்டு திறந்தது ஓர் ஐப்பசி மாதம். கொடைக்கானலில் நான்கு நாளாக விடாத மழை, வாடகைக்கு விடுகிற இரண்டு அறையும் காலி, கரண்டும் போயிருந்தது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரு சின்னப் பித்தளைப் பூட்டை மடியில் வைத்துக்கொண்டு ரேக்கை, அதாவது அலை அலையாக வளைந்த அந்தக் கம்பியை, உள்ளே விட்டு முன்னும் பின்னும் தேய்த்துக்கொண்டே இருந்தேன், திடீரென்று கொக்கி துள்ளி எழுந்தது. அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. அதற்கப்புறம் மூன்று மாதம் வேறு எந்தப் பூட்டும் எனக்கு மசியவில்லை. நீங்களும் அப்படி ஒரு மூன்று மாதத்தில் மாட்டிக்கொண்டிருந்தால் இது உங்களுக்குத்தான்.

முதலில் ஒரு கட்டுப்பாடு. உங்களுக்குச் சொந்தமான பூட்டாக இருக்க வேண்டும், அது எந்தக் கதவிலும் தொங்காத பூட்டாகவும் இருக்க வேண்டும். சொந்த வீட்டுக் கதவுதானே என்று நான் ஒரு தடவை குளியலறைப் பூட்டில் கை வைத்தேன். பிக், அதாவது உள்ளே விட்டுத் துழாவுகிற மெல்லிய கம்பி, ஒடிந்து, துண்டு சிக்கிக்கொண்டு, சாவியும் நுழையாமல் போய்விட்டது. மறுநாள் காலை மதுரையிலிருந்து ஒரு குடும்பம் வந்து இறங்கப் போகிறது. மூஞ்சிக்கல் பக்கம் ஒரு சாவிக்காரரைக் கூட்டி வந்து பூட்டையே மாற்றினேன். போகும்போது அவர் "எதுக்குங்க உங்களுக்கு இந்த வேலை" என்று கேட்டார், என்னிடம் பதில் இல்லை. தங்க வருகிறவர்கள் சாவியைத் தொலைத்துவிட்டு "அண்ணே, நீங்கதான் திறப்பீங்களாமே" என்று கேட்டாலும் மாற்றுச் சாவியைத்தான் எடுத்துக் கொடுப்பேன். கம்பிகளைப் பையில் போட்டுக்கொண்டு ராத்திரியில் ஊர் சுற்றவும் வேண்டாம், செக்போஸ்ட்டில் நின்று இது பொழுதுபோக்கு என்று புரியவைப்பது பூட்டைத் திறப்பதைவிடக் கஷ்டம்.

சரி, ஏன் மசியவில்லை? பின் (pin) பூட்டுக்குள், அதாவது குட்டி உலோகத் தண்டுகள் வைத்த பூட்டுக்குள், இருப்பது இவ்வளவுதான்: சாவி நுழையும் உருளை, அதைச் சுற்றிப் பூட்டின் உடம்பு, இரண்டையும் கோத்துக் குறுக்கே நிற்கும் பின் ஜோடிகள், அவற்றை அழுத்தும் ஸ்பிரிங்குகள். சரியான சாவி போனால் ஒவ்வொரு ஜோடியும் பிரியும் இடம் உருளையின் விளிம்புக்கு நேராக வந்து நிற்கும், உருளை சுழலும். பின்னுக்கான துளைகளை அச்சுப் பிசகாமல் ஒரே கோட்டில் போட எந்தப் பட்டறையாலும் முடியாது, மயிரிழை விலகல் இருந்தே தீரும். அதனால் சாவித்துளையில் மாட்டுகிற முறுக்குக் கம்பியால் உருளையை லேசாகத் திருப்பினால் எல்லாப் பின்னும் சேர்ந்து இறுகாது, ஒன்றுதான் முதலில் இறுகும். அதைத் தூக்கி உட்கார வைத்தால் அடுத்தது இறுகும். நம் பொழுதுபோக்கு முழுக்க அந்த மயிரிழையில்தான் நடக்கிறது. மலிவான பூட்டில் விலகல் தாராளம், குருட்டாம்போக்கில் தேய்த்தாலும் எல்லாம் உட்கார்ந்துவிடும். நல்ல பூட்டில் விலகல் குறைவு, போதாததற்கு ஏமாற்றுப் பின்களும் வைத்திருப்பார்கள்.

ஆக முதல் வேலை, ரேக்கை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடுவது. ஏற்கெனவே திறந்த அதே பூட்டை எடுத்து, சின்னக் கொக்கி போன்ற பிக்கால் ஒவ்வொரு பின்னாகத் தொட்டுத் திறங்கள். அலுப்பாக இருக்கும், பரவாயில்லை. ஒவ்வொரு தடவையும் எந்தப் பின் எந்த வரிசையில் உட்கார்ந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். என் பூட்டுக்கு மூன்று, ஒன்று, நான்கு, இரண்டு. இருபது தடவை அதே வரிசை வந்தால் உங்கள் விரல் பொய் சொல்லவில்லை என்று அர்த்தம். பின்னைத் தொட்டதும் அது என்ன நிலையில் இருக்கிறது என்று சொல்லத் தெரிய வேண்டும்: ஸ்பிரிங் போலத் துள்ளினால் அதன் முறை இன்னும் வரவில்லை, கல் போல நின்றால் அதுதான் இப்போது இறுகியிருப்பது, ஆடும் பல் மாதிரி கொஞ்சம் லொடலொடவென்று இருந்தால் உட்கார்ந்துவிட்டது. நான்காவதாக ஒன்று உண்டு, அளவுக்கு மீறித் தூக்கிவிட்ட பின். அதுவும் உட்கார்ந்தது போலவே நடிக்கும். எல்லாம் சரியாக இருக்கிறது, பூட்டு மட்டும் திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான். முறுக்கை மெல்ல மெல்லத் தளர்த்தினால் 'டக்' என்று ஒன்று கீழே விழும், எது விழுந்தது என்று காதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது எனக்குப் பல மாதம் புரியாமல் போன விஷயம். எல்லோரும் பிக் பிடிக்கிற கையைத்தான் பார்க்கிறார்கள், வேலை நடப்பது முறுக்குகிற கையில். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அளவுக்கு மேல் முறுக்குகிறார்கள், நானும் விரல் சிவக்க முறுக்கியவன்தான். சந்தையில் பட்டர் ஃப்ரூட் பழுத்திருக்கிறதா என்று கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்போமே, கடைக்காரர் முறைக்காத அளவுக்கு, அந்த அழுத்தம் போதும். பூட்டு கடினமாக ஆக ஆக இன்னும் குறையும். திறக்கவில்லை என்றால் கூட்டத்தான் கை போகும், நீங்கள் குறைத்துப் பாருங்கள். இங்கே மார்கழி, தை மாதக் காலையில் விரல் மரத்துப்போய் இருக்கும்போது இதையெல்லாம் முயற்சி செய்யவே வேண்டாம், சுக்குக் காபி டம்ளரைக் கொஞ்ச நேரம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்புறம் உட்காருங்கள்.

கருவிக்குப் பணம் கொட்ட அவசியமில்லை. முறுக்குக் கம்பிக்கு வைப்பர் பிளேடுக்குள் இருக்கும் எஃகுப் பட்டையைப் போல எதுவும் இல்லை. நம் மலையில் மழைக்கும் பனிக்கும் வைப்பர் தேய்வதற்குக் குறைவே கிடையாது, டாக்ஸி ஸ்டாண்டில் கேட்டால் பழசைச் சும்மாவே கொடுப்பார்கள். சாவித்துளையின் கீழ் ஓரத்தில் மாட்டும் வழக்கமான வளைவு ஒன்று, பின்கள் இருக்கும் பக்கமே வாயில் இறுக்கமாக உட்காரும் தட்டையான வளைவு ஒன்று என இரண்டு செய்துகொள்ளுங்கள். இரண்டாவதை மாட்டினால் பிக் அசைய இடம் நிறையக் கிடைக்கும், கைக்கும் தெளிவாகத் தெரியும். பிக்கை ஆக்ஸா பிளேடில் தேய்த்துச் செய்யலாம். கிரைண்டரில் பிடிக்கும்போது நீலம் பாயவிட்டால் எஃகின் பதம் போய்விடும், இரண்டு நொடிக்கு ஒரு தடவை தண்ணீரில் முக்குங்கள். கடைசியில் உப்புத்தாளால் வழவழவென்று ஆகும்வரை தேயுங்கள், சொரசொரப்பான பிக் பின்னில் உரசி இல்லாத சேதியெல்லாம் சொல்லும். 0.6 மி.மீ. தடிமன் பெரும்பாலான பூட்டுக்குப் போதும், சாவித்துளை குறுகலாக வளைந்து நெளிந்து இருந்தால் 0.45 மி.மீ. வேண்டியிருக்கும்.

அடுத்த பூட்டை வாங்கும்போது விலையைப் பார்க்காமல் சாவியைப் பாருங்கள். சாவியின் பல்வரிசை ஏறத்தாழ ஒரே மட்டமாக இருந்தால் சுலபம். ஆழமான வெட்டுக்குப் பக்கத்திலேயே உயரமான மேடு இருந்தால், அதிகம் தூக்க வேண்டிய பின் ஒன்று, தூக்கவே கூடாத பின் ஒன்றை ஒட்டி ஒளிந்திருக்கிறது என்று பொருள். அங்கே நீளமான கொக்கி வேண்டும், பொறுமையும் வேண்டும். பின் எண்ணிக்கையை நான்கிலிருந்து ஐந்து, ஆறு என்று ஏற்றிக்கொண்டே போவதைவிட இந்த மேடு பள்ளத்தில் பழகுவது அதிகம் கற்றுக்கொடுக்கும் என்பது என் கட்சி.

அதைவிட நல்லது, நீங்களே பூட்டைக் கடினமாக்குவது. கதவில் பொருத்தும் உருளைப் பூட்டு ஒன்று வாங்குங்கள், தொங்கு பூட்டைப் பிரிப்பதைவிட அதைப் பிரிப்பது எளிது. பின்பக்கக் கிளிப்பை எடுத்துவிட்டு, சாவியைப் போட்டு உருளையைக் கொஞ்சம் திருப்பி வெளியே தள்ளும்போது அதே பருமனுள்ள ஒரு மரக்குச்சியைப் பின்னாலேயே நுழைத்துக்கொண்டு போக வேண்டும். குச்சி இல்லாமல் உருவினால் ஸ்பிரிங்குகள் பறந்துவிடும், என்னுடைய ஒன்று இன்னும் சோபாவுக்குள் எங்கேயோ இருக்கிறது. எடுத்த பின்களை இட்லித் தட்டில் குழிக்கு ஒரு ஜோடியாக வரிசை மாறாமல் வையுங்கள். முதலில் இரண்டு ஜோடி மட்டும் போட்டுத் திறந்து பழகுங்கள், அப்புறம் மூன்று, அப்புறம் மேலே.

ஏமாற்றுப் பின்னும் வீட்டிலேயே செய்யலாம். ஸ்பிரிங் பக்கத்துப் பின் ஒன்றை டிரில் மெஷினின் வாயில் மாட்டிச் சுழலவிட்டு மெல்லிய அரத்தால் நடுவில் ஒரு பள்ளம் போட்டால் நூல் கண்டு மாதிரி இடுப்பு ஒடுங்கிய பின் வந்துவிடும். ஸ்பூல் என்பது இதுதான். ஒரே ஒரு ஸ்பூல் போட்டுப் பூட்டைத் திறந்து பாருங்கள். எல்லாம் நன்றாகப் போகும், உருளை சில டிகிரி சட்டென்று திரும்பும், திறந்துவிட்டது என்று மனசு குதிக்கும், அங்கேயே நின்றுவிடும். உருளையின் விளிம்பு ஸ்பூலின் இடுப்பில் மாட்டிக்கொண்டது, அவ்வளவுதான். இந்தப் பொய்த் திறப்பு வந்ததற்குச் சந்தோஷப்படுங்கள், பூட்டு தன் ரகசியத்தை உளறிவிட்டது. இப்போது ஒவ்வொரு பின்னாக மெல்லத் தூக்கிப் பாருங்கள். எதைத் தூக்கும்போது முறுக்குக் கம்பி உங்கள் விரலை எதிர்த்துப் பின்னால் தள்ளுகிறதோ அதுதான் ஸ்பூல். அந்தத் தள்ளலுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். முறுக்கை முழுக்க விட்டால் உட்கார்ந்த எல்லாம் பொலபொலவென்று விழும், விடாமல் பிடித்தால் ஸ்பூல் நகராது. பிக் கை ஏற ஏற இந்தக் கை இறங்க வேண்டும், கிணற்றில் வாளிக் கயிற்றைக் கையோடு கையாக விடுகிற மாதிரி. நடுவில் வேறு ஒரு பின் விழுந்தால் பதற வேண்டாம், திரும்பத் தூக்கிக்கொள்ளலாம். எனக்கு ஒரு ஸ்பூலுக்கு இரண்டு வாரம் பிடித்தது. அடுத்த மூன்று ஸ்பூலும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வந்தன.

உடம்பெல்லாம் வரி போட்ட பின்னும் உண்டு. அதில் ஒவ்வொரு வரியும் 'கிளிக்' என்று உட்கார்ந்த மாதிரிச் சத்தம் போடும், நம்பாதீர்கள். இன்னும் கல் போல நிற்கிறதா என்று தொட்டுப் பார்த்து, ஒரு வரி ஒரு வரியாக ஏற்றுங்கள்.

பின் பூட்டோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். பழனி மலையில் இருந்துகொண்டு திண்டுக்கல் பூட்டைத் தொடாமல் போவது அநியாயம். வத்தலக்குண்டு வழியாக மலை இறங்கினால் பூட்டு ஊர், 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் கிடைத்தது, அதே ஆண்டில்தான் பழனி பஞ்சாமிர்தத்துக்கும். அங்கே கையால் அரம் போட்டுச் செய்கிற மாங்காய்ப் பூட்டு போன்றவை லீவர் பூட்டுகள். பின்னுக்குப் பதிலாக அடுக்கடுக்காகத் தகடுகள், ஒவ்வொரு தகட்டிலும் ஒரு வாசல், தாழ்ப்பாளில் ஒரு முளை. எல்லா வாசலும் முளைக்கு நேராக வந்தால்தான் தாழ் நகரும். தத்துவம் மாறவில்லை, தாழை லேசாகத் தள்ளிப் பிடித்தால் ஒரு தகடு முதலில் இறுகும், அதைத் தூக்க வேண்டும். 1851இல் லண்டன் மாபெரும் கண்காட்சியின்போது ஆல்ஃப்ரெட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் யாராலும் முடியாது என்று பேர் வாங்கிய சப் (Chubb) கம்பெனி லீவர் பூட்டைத் திறந்தது இந்த வழியில்தான். அதே ஆண்டு பிராமா என்ற கம்பெனியின் பூட்டைத் திறக்க அவருக்கு 16 நாளில் மொத்தம் 51 மணி நேரம் ஆனது. அரை மணி நேரத்தில் கை சலித்துப்போனால் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

லீவருக்குக் கருவி வேறு. சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை வளைத்து, சாவி தள்ளுகிற இடத்தில் தாழைத் தள்ளிப் பிடிக்க ஒன்று, குடைக்கம்பியில் தகடு தூக்க இன்னொன்று. இரண்டும் ஒரே துளைக்குள் போய் ஒன்றையொன்று இடிக்காமல் இருக்க வேண்டும், வளைவை நான் எட்டுத் தடவை மாற்றினேன். பட்டர் ஃப்ரூட் கணக்கு இங்கே செல்லாது, தாழ் கனமானது, கொஞ்சம் அழுத்தியே பிடிக்க வேண்டும். ஆனால் தகட்டில் பொய் வாசல் வெட்டியிருந்தால் முளை அதில் மாட்டிக்கொள்ளும், அப்போது ஸ்பூலுக்கு விட்டுக்கொடுத்த அதே கைதான் உதவும். கையால் அரம் போட்ட தகடு என்பதால் ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது, முதல் பூட்டில் பழகிய கை இரண்டாவதில் திரும்பவும் முட்டாளாகும், எனக்கு அது பிடித்திருக்கிறது. பழைய இரும்புக் கடையில் சாவி இல்லாத லீவர் பூட்டுகள் எடைக்குக் கிடைக்கும். முதலில் அதில் இறங்காதீர்கள், உள்ளே துருவா, திறமைக் குறைவா என்று தெரியாமலே ஒரு மாதம் போய்விடும். சாவியோடு புதுசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

வட்டத் தகடு சுழலும் பூட்டுகள், 1907இல் ஃபின்லாந்தில் எமில் ஹென்ரிக்சன் கண்டுபிடித்த வகை, அவற்றுக்கென்றே தனிக் கருவி வேண்டும். நான் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் திறக்கவில்லை.

கடைசியாக, இந்த ஊர் ஈரம். மூடுபனிக் காலத்தில் பெட்டியில் போட்டு வைத்த பூட்டு மூன்றே மாதத்தில் மசமசவென்று ஆகிவிடும், திறக்கவில்லை என்று உங்களையே நொந்துகொள்வீர்கள். பின் பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய், மெஷின் எண்ணெய் எதுவும் விட வேண்டாம், தூசியோடு சேர்ந்து களிம்பாகிவிடும். கிராஃபைட் தூள் கொஞ்சம் போதும், இல்லையென்றால் பென்சில் முனையைச் சுரண்டி அந்தப் பொடியைச் சாவியில் தடவி நான்கு தடவை விட்டு எடுங்கள். ஏற்கெனவே எண்ணெய் விட்டிருந்தால் பொடி போடாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் பசை. முதலில் மண்ணெண்ணெயில் அலசி, வெயில் அடிக்கிற ஒரு நாளாகப் பார்த்துக் காய வையுங்கள். ஆடி மாதம் என்றால் அந்த நாளுக்குக் காத்திருக்க வேண்டும்.