வேதாகமப் பெயருக்குப் பொருள் பார்க்கிற விதம்

உப்புவெளியில் இருக்கிற என் மகள், பிறந்த பிள்ளைக்குச் சாமுவேல் என்று பெயர் யோசித்து, "அம்மா, கருத்து என்ன?" என்று கேட்டாள். நான் பார்க்கிற விதத்தைச் சொல்கிறேன்.

முதலில் பெயர் வைத்த வசனத்தைத் தேடுங்கோ. 1 சாமுவேல் 1:20இல், ஆண்டவரிடம் கேட்டுப் பெற்றதால் இந்தப் பெயர் என்கிறாள் சாமுவேலின் தாய் அன்னாள்.

பிறகு பெயரைப் பிரித்துப் பாருங்கோ. பழைய ஏற்பாட்டின் மூலமொழியான எபிரேயத்தில் 'ஏல்' என்றால் கடவுள். 'ஷேம்' என்றால் பெயர். அதனால் 'கடவுளின் பெயர்' என்று பலர் பொருள் சொல்வார்கள். அன்னாள் சொல்கிற 'கேட்டுப் பெறப்பட்டவன்' என்ற பொருள் நேரே பொருந்துவது, வேதாகமத்தில் வரும் அரசன் சவுலின் பெயருக்குத்தான். அதற்காக அன்னாள் சொன்னதைத் தள்ளிவிடாதீங்கோ. பெயரின் ஓசையைப் பிடித்துத் தன் மனதைச் சொல்கிறாள் அந்தத் தாய்.

தமிழர் நாங்கள் ஓரிடத்தில் கவனமாக இருக்கவேணும். எங்களுக்கு வரம் கேட்பதும் 'கேள்', காதால் கேட்பதும் 'கேள்'. எபிரேயத்தில் முதலாவது 'ஷாஅல்', சவுல் என்ற பெயர் இதில் வந்தது; இரண்டாவது 'ஷாமா'. ஆதியாகமம் 16:11இல் வரும் இஸ்மவேல் இந்த இரண்டாவதில் பிறந்தது: 'கடவுள் கேட்கிறார்'. திருகோணமலை முஸ்லிம் வீடுகளில் இஸ்மாயில் என்று கூப்பிடுவதும் அதே பெயர்தான்.

மகள் சாமுவேலுக்குச் சொன்ன 'கடவுளின் பெயர்', 'ஆண்டவரிடம் கேட்டுப் பெற்றது' என்ற இரண்டு பொருளையும் பிள்ளையின் கிளினிக் கொப்பியின் பின்மட்டையில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறாள்.