தூண்டலின் வலுவை உடல் எப்படி எடைபோடுகிறது: வீட்டில் செய்து பார்க்கும் முறை

200 கிராம் எடையுள்ள ஒரு பொருளோடு 10 கிராமைச் சேர்த்தால் கை அதைக் கண்டுகொண்டுவிடும். அதே 10 கிராமை 2 கிலோ எடையோடு சேர்த்தால் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகப் பேராசிரியர் எர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வேபர், தொடுவுணர்வு பற்றி 1834-இல் வெளியிட்ட ஆய்வில் இந்த அன்றாட அனுபவத்தை ஒரு விதியாக வகுத்தார். இரண்டு எடைகளுக்கு இடையே நமக்குப் புலப்படும் மிகச் சிறிய வேறுபாடு என்பது மாறாத கிராம் அளவு அன்று. முதல் எடையின் மாறாத ஒரு பங்கு. கையால் தூக்கி ஒப்பிடும்போது அந்தப் பங்கு ஏறக்குறைய நாற்பதில் ஒன்று என்று அவர் கண்டார். இதைச் சரிபார்க்க ஆய்வகம் தேவையில்லை. ஒரே மாதிரியான இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்கள், ஊசி இல்லாத ஒரு 10 மில்லி சிரிஞ்சு, சமையலறைத் தராசு, பொறுமையான ஒரு துணையாள் ஆகியவை போதும்.

ஒளி, உப்புச் சுவை ஆகியவற்றைக் கொண்டும் இச்சோதனையைச் செய்யலாம் என்றாலும், தொடங்குபவர்களுக்கு எடையையே பரிந்துரைப்பேன். கைபேசித் திரையில் பாதி என்று காட்டும் வெளிச்சம் உண்மையில் பாதியாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. உப்பு நீரோ ஒவ்வொரு வாய்க்கும் நாக்கின் நிலையையே மாற்றிவிடுகிறது. தண்ணீரின் எடையில் இத்தகைய ஐயம் எழாது. ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம் என்று கொள்ளலாம் என்பதால், சிரிஞ்சே துல்லியமான எடைக்கல்லாகிவிடும்.

இரண்டு பாட்டில்களும் ஒரே அளவு, ஒரே வடிவம் கொண்டவையாக இருப்பது மிக முக்கியம். சம எடையுள்ள இரண்டு பொருள்களில் சிறியதே அதிகம் கனப்பதாக நமக்குத் தோன்றும் என்பதால், உருவ வேறுபாடு சோதனையைக் கெடுத்துவிடும். உள்ளே இருக்கும் நீர்மட்டம் தெரியாதபடி பாட்டில்களைச் செய்தித்தாளால் சுற்றி ஒட்டிய பிறகு, ஒவ்வொன்றும் பாட்டிலோடு சேர்த்துச் சரியாக 200 கிராம் வரும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். ஒன்று அடிப்படை எடை; மற்றொன்றில் துணையாள் முதலில் 30 மில்லி தண்ணீரைக் கூடுதலாகச் சேர்த்து, பிறகு 20, 10, 5, 2 என்று வேறுபாட்டைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும்.

சோதிக்கப்படுபவர் கண்ணை மூடிக்கொண்டு, ஒரே கையால், பாட்டிலின் ஒரே இடத்தைப் பிடித்து, இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கி, ஒவ்வொன்றையும் இரண்டு விநாடிக்குள் இறக்கி வைத்துவிட வேண்டும். எது கனம் என்ற கேள்விக்கு முதலாவது, இரண்டாவது என்ற இரண்டில் ஒன்றை மட்டுமே சொல்லலாம். இரண்டும் சமம் என்று சொல்ல அனுமதிக்கக் கூடாது, ஏனெனில் ஐயம் வந்தவுடன் எல்லோரும் அந்தப் பதிலில் ஒதுங்கிக்கொள்வார்கள். பின்னால் தூக்கியதே கனமாகத் தோன்றும் சாய்வும் பலரிடம் உண்டு. ஆகவே ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் 20 முறை சோதித்து, அவற்றில் 10 முறை கனமான பாட்டில் முதலிலும் 10 முறை இரண்டாவதாகவும் வருமாறு, சீட்டுக் குலுக்கி வரிசையை அமைத்துக்கொள்ளுங்கள். கை சோர்வடையும் முன்பே இடைவேளை விடுவது நல்லது.

வெறும் ஊகத்தால் சொன்னாலும் 20-இல் ஏறக்குறைய 10 பதில்கள் சரியாகிவிடும். எனவே 15 சரியான பதில்கள் கிடைக்கும் வேறுபாட்டை உங்கள் கையின் வேறுபாட்டு எல்லையாகக் கொள்ளுங்கள். அதன்பின் இரண்டு பாட்டில்களையும் 800 கிராமுக்கு உயர்த்தி, வேறுபாடுகளையும் நான்கு மடங்காக்கி, முழுச் சோதனையையும் திரும்பச் செய்யுங்கள். முதலில் 10 கிராம் வந்திருந்தால் இப்போது 40 கிராமை ஒட்டி வரவேண்டும். ஆய்வகத்தில் பயிற்சி பெற்றவர்களுக்குக் கிடைக்கும் 2 முதல் 3 சதவீதத்தை வீட்டில் எதிர்பார்க்க வேண்டாம். கவனிக்க வேண்டியது இரண்டு விகிதங்களும் ஒத்துப்போகின்றனவா என்பதே. மிகச் சிறிய எடைகளில் இந்த விகிதம் நிலையாக இராமல் உயர்ந்துவிடும் என்பதால், 20, 30 கிராம் பொருள்களைக் கொண்டு வேபர் விதியைப் பொய்யென்று முடிவுகட்டிவிடக் கூடாது.

இன்னொரு சோதனையும் செய்யத் தக்கது. கையை மேசைமேல் மல்லாத்தி வைத்து, துணையாள் பாட்டில்களை உள்ளங்கையில் வைத்து எடுக்க, அதே ஒப்பீட்டைச் செய்து பாருங்கள். எல்லை வெகுவாக விரிந்துவிடும். இப்போது தோலின் அழுத்த உணர்வு மட்டுமே செயல்படுகிறது. தூக்கும்போது தசைகளும் தசைநாண்களும் தரும் செய்தி இங்கே இல்லை.

நரம்புக்குள் நடப்பது

தூண்டல் வலுவாக இருந்தால் நரம்பில் பெரிய மின்துடிப்பு ஓடும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அப்படி நடப்பதில்லை. ஓய்வில் இருக்கும் நரம்பணுவின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின் நிலையில் இருக்கிறது. தூண்டல் இதனை ஏறத்தாழ 55 மில்லிவோல்ட் வரை தணித்தால் ஒரு மில்லிவிநாடி அளவிலான முழுத் துடிப்பு எழுகிறது. அந்தப் பயன்தொடக்க அளவை எட்டாவிட்டால் துடிப்பே இல்லை. பாதித் துடிப்பு என்ற ஒன்று கிடையாது. அப்படியானால் வலுவை நரம்பு எவ்வாறு தெரிவிக்கிறது?

இதற்கான நேரடி விடையை 1926-இல் கேம்பிரிட்ஜில் உடலியலாளர்கள் எட்கர் ஏட்ரியனும் இங்வே சாட்டர்மனும் கண்டனர். தவளையின் தசை ஒன்றிலிருந்து வரும் ஒற்றை உணர்நரம்பு இழையின் மின்துடிப்புகளைப் பதிவு செய்துகொண்டே, தசையில் வெவ்வேறு எடைகளைத் தொங்கவிட்டனர். எடை கூடியபோது துடிப்பின் உயரம் மாறவில்லை. ஒரு விநாடியில் எழும் துடிப்புகளின் எண்ணிக்கை கூடியது. எடை அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும்போதே அந்த எண்ணிக்கை மெல்லக் குறைந்ததையும் அவர்கள் கண்டனர். பாட்டிலை இரண்டு விநாடிக்குள் இறக்கச் சொன்னதற்கு இந்தத் தணிவே காரணம். எண்ணிக்கையும் எல்லையின்றி ஏற முடியாது, ஏனெனில் ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இழைக்குச் சிறு ஓய்வு தேவைப்படுகிறது. வலு மேலும் கூடும்போது, அதுவரை அமைதியாக இருந்த இழைகளும் சேர்ந்துகொள்கின்றன.

நரம்பு இல்லாத உயிரிலும்

தொட்டாற்சுருங்கிச் செடி ஒன்றைத் தொட்டியில் வளர்த்து, காற்று படாத இடத்தில் வைத்தால், துளிகளைக் கொண்டு அதனையும் சோதிக்கலாம். சிரிஞ்சிலிருந்து ஒரே அளவான துளியை ஒரே சிற்றிலையின்மேல் முதலில் 2 சென்டிமீட்டர் உயரத்திலிருந்தும், பிறகு 10, 30, 60 சென்டிமீட்டர் உயரத்திலிருந்தும் விழவிட்டு, எத்தனை இணைச் சிற்றிலைகள் மடிகின்றன என்று எண்ணிக் குறியுங்கள். ஒவ்வொரு துளிக்கும் இடையே, இலை முழுவதும் விரிந்த பிறகும் சிறிது நேரம் காத்திருக்க வேண்டும். அடிக்கடி தூண்டினால் செடி பழகிப்போய்த் துலங்கலைக் குறைத்துக்கொள்ளும்.

இங்கே நரம்பு இல்லை. ஆயினும் மின்துடிப்பு உண்டு. அது சிற்றிலைகளின் அடியிலும் காம்பின் அடியிலும் உள்ள ‘அதைப்பு’ என்னும் புடைத்த மூட்டை எட்டியதும், அங்குள்ள செல்களிலிருந்து பொட்டாசியம், குளோரைடு அயனிகள் வெளியேற, தண்ணீரும் பின்தொடர்ந்து வெளியேறி, விறைப்பழுத்தம் குறைந்து இலை மடிகிறது. சிற்றிலை நுனியை வெட்டும்போதோ சுடும்போதோ எழுவது வேறு வகையான மின் அலை; காயத்தின் அளவுக்கேற்ப வலு மாறும் அந்த அலை, சாதாரணத் தொடுகை எட்டாத இலைகளையும் மடக்கிவிடும். ஜகதீஷ் சந்திர போஸ் கொல்கத்தாவில் இச்செடிக்கு அளவிட்ட மின்தூண்டல்கள் தந்து, துலங்கலைப் பதியும் நுண்கருவிகளைத் தாமே வடிவமைத்தார்.

அவரைப் போல மின்சாரத்தைக் கையாளும் ஆசை மாணவர்களுக்கு வரலாம். செடியானாலும் கையானாலும் வீட்டு மின்இணைப்பை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. உயிருக்கு ஆபத்து என்பதோடு, மின்னதிர்ச்சியின் உணர்வு ஒளியின் உணர்வைப் போல அடங்கி உயர்வதும் இல்லை. அமெரிக்க உளவியலாளர் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் தந்த அடுக்கு விதிப்படி, உணர்வின் அளவு தூண்டல் வலுவின் ஓர் அடுக்குக்கு ஏற்ப வளர்கிறது; விரல்களில் பாயும் மின்னோட்டத்துக்கான அடுக்கு ஏறக்குறைய 3.5, அதாவது மின்னோட்டம் இரண்டு மடங்கானால் உணர்வு ஏறத்தாழ 11 மடங்காகிவிடும்.