பிடிஎஃப்பில் எண்ணை மறைக்க வெறும் கறுப்புக் கட்டம் போதாது

பிடிஎஃப் கோப்பில் கணக்கு எண்ணையோ முகவரியையோ மறைத்து அனுப்ப வேண்டுமென்றால், அதை லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் திறந்து டூல்ஸ் மெனுவில் ரிடாக்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். மறைக்க வேண்டிய இடத்தில் கட்டம் வரைந்து, அப்போது தோன்றும் ரிடாக்ட் கருவிப்பட்டையிலிருந்தே புதிய பிடிஎஃப் எடுத்துக்கொள்ளுங்கள். 2019இல் வந்த 6.3 பதிப்பு முதலே இந்த வசதி இருக்கிறது.

சாதாரணமாகக் கறுப்புக் கட்டம் போட்டு மூடினால் எழுத்து அடியில் அப்படியே இருக்கும். அந்த இடத்தைக் காப்பி செய்து வேறெங்காவது ஒட்டினாலே எண் வந்து விழுந்துவிடும். ரிடாக்ட் பக்கத்தையே படமாக மாற்றிவிடுவதால் அடியில் எதுவும் மிஞ்சாது. அப்புறம், கோப்பு நம் கணினியை விட்டு வெளியே போவதும் இல்லை. யாரோ நடத்தும் இணையதளத்தில் ஏற்றுவதைவிட இது எவ்வளவோ மேல்.

டிஜிட்டல் கையொப்பமிட்ட ஆவணத்துக்கு இது சரிப்படாது, கையொப்பம் செல்லாமல் போய்விடும். பெறுபவர் எழுத்துகளைத் தேடவோ நகலெடுக்கவோ வேண்டியிருந்தாலும் உதவாது.